ஒரே கூரை, இரண்டு கல்லா

நம் ஊரில் ‘நர்சிங் ஹோம்’ என்று பலகை மாட்டியிருந்தால் உள்ளே பிரசவம் பார்ப்பார்கள், குடல்வால் எடுப்பார்கள், காய்ச்சலுக்கு டிரிப்ஸ் ஏற்றுவார்கள். கீழே மருந்துக்கடை, மாடியில் டாக்டர் வீடு. அதனால் அமெரிக்காவில் இருக்கும் மகள் போனில், “பக்கத்து வீட்டுப் பாட்டியை நர்சிங் ஹோமில் சேர்த்துட்டாங்கம்மா” என்றால், “என்ன ஆபரேஷன்?” என்றுதான் கேட்கத் தோன்றும்.

அங்கே அந்தச் சொல்லுக்குப் பொருளே வேறு. சின்ன ஊர்களின் எல்லையில், சோளக்காட்டுக்கும் பெட்ரோல் பங்குக்கும் நடுவே, ஒற்றை மாடியில் நீண்டு கிடக்கும் கட்டடம். வாசலில் ‘நர்சிங் அண்ட் ரீஹேபிலிடேஷன் சென்டர்’ என்ற பலகை. நாடு முழுக்க ஏறத்தாழ 15,000 இடங்கள் இப்படி அரசுச் சான்றிதழோடு நடக்கின்றன. சுமார் 12 லட்சம் பேர் அவற்றில் இருக்கிறார்கள். பத்தில் ஏழு இடங்கள் லாப நோக்கில் நடப்பவை.

பலகையில் இருக்கும் இரண்டு சொற்களையும் அடுக்குமொழி என்று நினைத்துவிடக் கூடாது. ‘ரீஹேபிலிடேஷன்’ என்பது சில வாரம் தங்கி, உடம்பைத் தேற்றிக்கொண்டு வீட்டுக்குப் போகிறவர்களுக்கு. ‘நர்சிங்’ என்பது இனி வீட்டுக்குத் திரும்பப் போவதில்லை என்று ஆகிவிட்டவர்களுக்கு. கட்டடம் ஒன்று, சமையலறை ஒன்று, ஊழியர்களும் பெரும்பாலும் அவர்களே. கல்லாப்பெட்டி மட்டும் இரண்டு. முதல் கல்லாவில் விழும் காசில்தான் இரண்டாவது பிழைத்துக் கிடக்கிறது. இது புரிந்தால் அந்தக் கட்டடத்தில் நடக்கும் பாதி விஷயங்களுக்கு விளக்கம் கிடைத்துவிடும்.

உதாரணத்துக்கு, அயோவா மாநிலத்துச் சின்ன ஊர் ஒன்றில் 78 வயதுப் பாட்டி ஒருவர் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை உடைத்துக்கொண்டார் என்று வைத்துக்கொள்வோம். பெரிய ஊர் ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சை ஆகிறது. நான்காம் நாளே, “இனி இங்கே வேலையில்லை, ரீஹேபுக்குப் போகலாம்” என்கிறார்கள். ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கும் அந்த ஒற்றை மாடிக் கட்டடத்துக்குப் பாட்டி வந்து சேர்கிறார்.

முதல் கண்ணி இங்கேயே இருக்கிறது. 65 வயதைத் தாண்டியவர்களுக்கான அரசுக் காப்பீடு மெடிகேர். ரீஹேப் செலவை அது ஏற்க வேண்டுமானால், நோயாளி அதற்கு முன் தொடர்ந்து மூன்று நாள் ஆஸ்பத்திரியில் உள்நோயாளியாக இருந்திருக்க வேண்டும். ‘உள்நோயாளியாக’ என்ற சொல்லில்தான் சிக்கல். அதே வார்டில், அதே கட்டிலில், அதே ஊசியைப் போட்டுக்கொண்டு கிடந்தாலும், ‘கண்காணிப்பில் வைத்திருக்கிறோம்’ என்று ஆஸ்பத்திரி தன் ஏட்டில் எழுதிவிட்டால் அந்த நாட்கள் கணக்கில் சேராது. இது தெரியாமல் ரீஹேபில் சேர்ந்து, பிறகு முழு பில்லும் தலையில் விழுந்த குடும்பங்கள் நிறைய.

நம் பாட்டிக்கு அந்தக் கண்டம் இல்லை. மறுநாள் காலையே சிகிச்சைக் கூடத்துக்குப் போகிறார்.

அந்தக் கூடத்தைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு நடக்க இணைகம்பிகள். எங்கும் போகாத நான்கு மரப்படிகள். ஒரு மூலையில் அடுப்பும் அலமாரியுமாகப் பழகுவதற்கென்றே ஒரு சமையல் மேடை. பாட்டியின் இடுப்பில் அகலமான துணிப் பட்டை ஒன்றைக் கட்டி, பின்னால் அதைப் பிடித்துக்கொள்கிறார் பிசியோதெரபிஸ்ட். நாற்காலியிலிருந்து எழுவதுதான் முதல் பாடம். “நுனிக்கு வாங்க. காலைப் பின்னால இழுத்துக்குங்க. மூக்கு கால்விரலுக்கு நேரே வரட்டும், அப்புறம் எழுந்திருங்க.” எழுபது வருஷத்துக்கும் மேலாக யோசிக்காமல் செய்துவந்த வேலை. இப்போது அதற்கு மூன்று கட்டளை தேவைப்படுகிறது. ஐந்து முறை எழுந்து உட்கார்வதற்குள் பாட்டிக்கு வியர்த்துவிடுகிறது.

படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில். காரில் ஏற வேண்டுமானால் சீட்டுக்கு முதுகைக் காட்டி நின்று, முதலில் உட்கார்ந்து, பிறகு இரண்டு காலையும் உள்ளே திருப்ப வேண்டும். இன்னொரு தெரபிஸ்ட் வந்து, குனியாமல் காலுறை மாட்ட ஒரு கருவியையும், கீழே விழுந்ததை எடுக்க நீண்ட இடுக்கி ஒன்றையும் பழக்குகிறார். பக்கவாதத்தில் பேச்சும் விழுங்கும் திறனும் போனவர்களுக்கு மூன்றாவதாக ஒருவர் இருக்கிறார். புரையேறாமல் இருக்கத் தண்ணீரைக்கூடக் கெட்டியாக்கிக் கொடுப்பது அவர் சொல்படிதான். கெட்டித் தண்ணீரைக் குடிக்கச் சொன்னால் முகம் சுளிக்காதவர்கள் எந்த நாட்டிலும் இல்லை.

இனி பில். முதல் 20 நாளுக்கு மெடிகேர் முழுதும் கட்டும். 21-ம் நாளிலிருந்து 100-ம் நாள் வரை நோயாளி ஒரு பங்கைப் போட வேண்டும். 2025-ல் அது நாளொன்றுக்கு 209.50 டாலர். 101-ம் நாள் மெடிகேர் கையை விரித்துவிடும். நூறு நாள் என்பதும் உச்சவரம்புதானே தவிர, உறுதியான கணக்கு இல்லை. ‘இனி பயிற்சி தேவையில்லை’ என்று முடிவானால் பதினெட்டாம் நாளே நிறுத்திவிடலாம். நிறுத்துவதற்கு இரண்டு நாள் முன்பாவது எழுத்து மூலம் சொல்ல வேண்டும். அந்தக் காகிதத்திலேயே மேல்முறையீட்டுக்கான தொலைபேசி எண் இருக்கும். கையெழுத்துக்காக நீட்டப்படும் பத்துக் காகிதங்களோடு அதுவும் போய்விடுவதுதான் வழக்கம்.

“முன்னேற்றம் நின்றுவிட்டது, அதனால் நிறுத்துகிறோம்” என்பது வெகுகாலம் சொல்லப்பட்ட காரணம். வெர்மான்ட் மாநிலத்தைச் சேர்ந்த கிளெண்டா ஜிம்மோ என்ற பெண்மணியின் பெயரில் நடந்த வழக்கு 2013-ல் சமரசத்தில் முடிந்தபோது, அந்தக் காரணம் மட்டும் போதாது என்றாகிவிட்டது. இருக்கும் நிலை மோசமாகாமல் காப்பதற்குத் தேர்ந்தவரின் கவனிப்பு வேண்டுமென்றால் அதற்கும் மெடிகேர் பணம் தர வேண்டும். ஆனால் மெடிகேர் பயனாளிகளில் பாதிப்பேருக்கு மேல் இப்போது தனியார் நிறுவனங்கள் நடத்தும் திட்டங்களில் இருக்கிறார்கள். அங்கே ஒவ்வொரு கட்டத்துக்கும் முன் அனுமதி கேட்க வேண்டியிருக்கிறது.

பணம் எப்படி வருகிறதோ அப்படியே பயிற்சியும் நடக்கும். 2019 அக்டோபர் வரை, தெரபி நடந்த நிமிடங்களைக் கணக்கிட்டுத்தான் மெடிகேர் பணம் கொடுத்தது. வாரத்துக்கு 720 நிமிடம் தொட்டுவிட்டால் மிக உயர்ந்த கட்டணம். அதிசயம் பாருங்கள், நாடு முழுக்க ஏராளமான நோயாளிகளுக்கு 720 நிமிடமோ, அதற்குச் சற்று மேலோ தேவைப்பட்டது! அந்த முறையை மாற்றி, நோயாளியின் நிலையை வைத்துக் கட்டணம் என்று கொண்டுவந்தார்கள். உடனே பல நிறுவனங்கள் தெரபிஸ்டுகளை வேலையை விட்டு நிறுத்தின. இடுப்பெலும்புகள் அதற்குள் சீக்கிரம் கூடக் கற்றுக்கொண்டுவிட்டன என்று நினைக்க வழியில்லை.

இரண்டு கல்லா என்றேனே, அதற்கு வருகிறேன். குடியிருப்போரில் நூற்றுக்குச் சுமார் 63 பேரின் செலவை ஏற்பது மெடிக்கெய்ட். இது ஏழைகளுக்கான திட்டம். மத்திய அரசும் மாநில அரசும் சேர்ந்து நடத்துவது. மெடிகேரில் இருப்பவர்கள் சுமார் 13 பேர்தான். ஆனால் மெடிக்கெய்ட் கட்டணம் செலவுக்கே இழுபறி என்பது விடுதி நடத்துகிறவர்களின் நிரந்தரப் புலம்பல். மெடிகேரில் லாபம் 2000-க்குப் பிறகு பெரும்பாலும் 10 சதவீதத்துக்கு மேல் என்று அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு ஆலோசனை சொல்லும் ஆணையமே எழுதிவருகிறது. வாசலுக்குப் பக்கத்து வராந்தாவில் புது வண்ணம், தனி அறை, நல்ல டிவி. பின் வராந்தாவில் ஓர் அறைக்கு இரண்டு கட்டில், நடுவே ஒரு திரை. முன்பக்கம் மெடிகேர், பின்பக்கம் மெடிக்கெய்ட் என்பதைச் சுவரே சொல்லிவிடும்.

இந்தத் தொழில் தனியார் கைக்குப் போனதற்கும் ஒரு சட்டம்தான் வழிவிட்டது. 1935-ன் சமூகப் பாதுகாப்புச் சட்டம் முதியவர்களுக்கு உதவித்தொகை தந்தபோது, அரசு நடத்தும் ஏழை விடுதிகளில் இருப்பவர்களுக்கு அது கிடையாது என்றது. அந்த விடுதிகளின் அவலத்தை ஒழிப்பதுதான் நோக்கம். உதவித்தொகையோடு வந்த கிழவர்களைத் தனியார் வீடுகள் சேர்த்துக்கொண்டன. 1965-ல் மெடிகேரும் மெடிக்கெய்டும் வந்ததும் வீடுகள் நிறுவனங்களாயின. கிழவர்களை நாற்காலியோடு கட்டிவைப்பதும், மருந்து கொடுத்துத் தூங்கவைப்பதும் சர்வசாதாரணமாகிப்போய், 1987-ல்தான் கடுமையான சட்டம் வந்தது. வசதிக்காகக் கட்டிவைக்கக் கூடாது. ஒவ்வொருவரின் நிலையையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மதிப்பிட வேண்டும். உதவியாளர்களுக்குக் குறைந்தது 75 மணி நேரப் பயிற்சி வேண்டும்.

அந்த 75 மணி நேரப் பயிற்சி பெற்ற உதவியாளர்தான் அங்கே உண்மையில் எல்லாமே. குளிப்பாட்டுவது, ஊட்டுவது, படுத்த படுக்கையாக இருப்பவரை முதுகுப் புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைப்பது எல்லாம் அவர் வேலை. ஓர் உதவியாளருக்கு எத்தனை பேர் என்பதில்தான் பராமரிப்பின் தரம் இருக்கிறது. 2024 மே மாதம் மத்திய அரசு ஒரு விதி போட்டது: தங்கியிருக்கும் ஒருவருக்கு நாளொன்றுக்கு மொத்தம் 3.48 மணி நேரப் பராமரிப்பு, எந்நேரமும் பதிவு பெற்ற நர்ஸ் ஒருவர். ‘ஆளுக்கு எங்கே போவது?’ என்று விடுதிகள் வழக்குப் போட்டன. 2025 ஏப்ரலில் டெக்சாஸ் நீதிமன்றம் ஒன்று அதை ரத்து செய்தது. ஜூலையில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் அதை 2034 வரை தள்ளியும் வைத்தது.

விடுதிகளின் புலம்பலில் பாதி பேரம் என்றே வைத்துக்கொண்டாலும், சின்ன ஊர்களில் மீதிப் பாதி உண்மை. கையிலிருந்து பணம் கட்டக்கூடியவர்கள் அங்கே குறைவு. நர்ஸ் கிடைக்காவிட்டால் ஏஜென்சி மூலம் இரட்டிப்புக் கூலிக்கு வரவழைக்க வேண்டும். மொன்டானா மாநிலத்தில் 2022-ம் ஆண்டில் மட்டும் 11 விடுதிகள் மூடப்பட்டன. நகரத்தில் ஒன்று மூடினால் அடுத்த தெருவில் இன்னொன்று இருக்கும். இங்கே அடுத்தது அறுபது, எழுபது மைல் தள்ளி. தினமும் மதியம் வந்து மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போகும் எண்பத்திரண்டு வயதுக் கணவர், பனிக்காலத்தில் அவ்வளவு தூரம் வண்டி ஓட்ட மாட்டார்.

ஆள் பஞ்சத்தில்தான் நம் ஊருக்கும் ஒரு கதவு திறந்திருக்கிறது. உள்ளூரில் ஆள் தேடிப் பார்த்ததாக நிரூபிக்காமலே வெளிநாட்டவரை நிரந்தர வேலைக்கு எடுக்கலாம் என்று அமெரிக்கத் தொழிலாளர் துறை வைத்திருக்கும் பட்டியலில் பிசியோதெரபிஸ்டும் நர்ஸும் உண்டு. பாட்டியின் இடுப்புப் பட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்பவர் சேலத்திலோ திருச்சியிலோ படித்தவராகவும் இருக்கலாம். பிள்ளையைப் பார்க்கப் போகும் பெற்றோருக்கு மறுபக்கக் கணக்கு: விசிட்டர் விசாவில் மெடிகேர் கிடையாது. கிரீன் கார்டு கிடைத்தாலும், அங்கே வேலை செய்து வரி கட்டியிராதவர் ஐந்து ஆண்டு தொடர்ந்து வசித்த பிறகே மாதாமாதம் பணம் கட்டி அதில் சேர முடியும். இடையில் இடுப்பெலும்பு உடைந்தால் எந்தக் கல்லாவும் திறக்காது.

நல்ல விடுதியை எப்படிக் கண்டுபிடிப்பது? மெடிகேர் இணையதளம் 2008 முதல் ஒன்றிலிருந்து ஐந்து வரை நட்சத்திரம் கொடுக்கிறது. அதில் ஒரு பகுதி விடுதிகளே எழுதிக்கொடுக்கும் விவரம் என்பதால், மொத்த நட்சத்திரத்தைவிட ஆய்வு முடிவையும், சனி ஞாயிறுகளில் எத்தனை ஊழியர் இருந்தார்கள் என்பதையும் பார்ப்பது மேல். கடைசி ஆய்வறிக்கையை யாரும் கேட்காமலே எடுத்துப் படிக்கும்படி வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். வரவேற்பு மேசைக்குப் பக்கத்தில் ஒரு கோப்பு கிடக்கும். தூசி தட்டிப் புரட்டினால், அழைப்பு மணி அடித்து எத்தனை நிமிடம் யாரும் வரவில்லை என்பதுவரை எழுதியிருக்கும்.

பாட்டியின் கதைக்குத் திரும்புவோம். ஐம்பதாம் நாள் வாக்கரைப் பிடித்துக்கொண்டு நாற்பதடி நடக்கிறார். ஆனால் வீட்டில் யாருமில்லை, வாசலில் ஆறு படி, இடையில் மறதியும் எட்டிப் பார்த்துவிட்டது. பிள்ளைகள் இருவரும் வேறு மாநிலங்களில். தனி அறை என்றால் ஆண்டுக்கு ஒரு லட்சம் டாலருக்கு மேல். சேமிப்பு அதற்கே கரைகிறது. பல மாநிலங்களில் கையிருப்பு 2,000 டாலருக்குக் கீழே போனபிறகே மெடிக்கெய்ட் கதவைத் திறக்கும். அதற்கு முந்தைய ஐந்து ஆண்டுகளில் பேரனுக்குக் கொடுத்த பணம்வரை துருவிப் பார்ப்பார்கள். பாட்டி காலமான பிறகு, வீட்டை விற்றாவது செலவைத் திரும்ப எடுக்க மாநிலம் முயலும்.

ஒரு செவ்வாய்க்கிழமை, உதவியாளர் ஒருவர் தள்ளுவண்டியோடு வருகிறார். ஒரு சுவர்க் கடிகாரம், இரண்டு புகைப்படம், பின்னல் போர்வை, பூச்செடி. முன் வராந்தாவிலிருந்து பின் வராந்தாவுக்கு முப்பது அடிதான் தூரம். புதிய அறையில் ஜன்னல் பக்கக் கட்டிலில் ஏற்கெனவே ஆள் இருக்கிறார். பாட்டியின் ஓய்வூதியம் இனி விடுதிக்கே போய்விடும். சொந்தச் செலவுக்கென்று அவர் கையில் மாதம் குறைந்தது 30 டாலர் விட்டுவைக்க வேண்டும் என்கிறது மத்திய சட்டம். சில மாநிலங்கள் கொஞ்சம் கூட்டித் தருகின்றன. அந்த 30 டாலர் 1988-ல் நிர்ணயித்தது. முடி வெட்டிக்கொள்வதும், பிடித்த சாக்லேட்டும், பேரனுக்குப் பிறந்தநாள் அட்டையும் அதற்குள்தான்.