உப்புப் பொட்டலத்தின் மேல் ஒரு தேதி

ஆண்டுதோறும் ஜனவரி இரண்டாம் வாரத்தில் எங்கள் புறநோயாளிகள் பிரிவுக்குச் சிலர் தவறாமல் வருகிறார்கள். புத்தாண்டு அதிகாலையில் ஒரு மணி நேரம் விரைந்து நடந்து முழங்கால் வீங்கியவர்கள் ஒரு பக்கம். இரவு உணவை அடியோடு விட்டுவிட்டு, நீரிழிவு மாத்திரையை மட்டும் வழக்கம்போல் விழுங்கி, சர்க்கரை தாழ்ந்து மயங்கியவர்கள் மறுபக்கம். அவர்களை நாங்கள் கடிந்துகொள்வதில்லை. நலம் பெற வேண்டும் என்ற ஆவல்தான் அவர்களை அவ்வளவு தூரம் விரட்டியிருக்கிறது. எனினும், ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்ற முனைபவர்கள் தை பிறப்பதற்குள் எல்லாவற்றையும் கைவிட்டுவிடுவதையும் பார்க்கிறோம்.

ஆகவே நாங்கள் கேட்டுக்கொள்வது சிறிய மாற்றங்களைத்தான்.

பெரியவர்களுக்கு வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடலுழைப்பு வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. எண்ணைக் கேட்டு மலைக்க வேண்டாம். மூன்று வேளை உணவுக்குப் பின்னும் பத்துப் பத்து நிமிடம் நடந்தால் ஐந்தே நாளில் கணக்கு நிறைந்துவிடும். தொடக்கத்தில் ஒரு வேளை மட்டும் நடந்தாலும் போதும். உணவுக்குப் பின் நடக்கையில் தசைகள் இரத்தத்திலுள்ள சர்க்கரையை எடுத்துக்கொள்கின்றன. நீரிழிவு உள்ளவர்களுக்கு இது பெரிதும் உதவும். உடன் வருபவரோடு பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியக் கூடாது. அதுவே மிதமான வேகம். நெஞ்சு வலித்தாலோ தலை சுற்றினாலோ உடனே நிறுத்திவிடுங்கள். இதய நோய் உள்ளவர்கள் வயிறு நிறைய உண்ட கையோடு நடக்கலாகாது. அறுவை சிகிச்சை முடிந்து சில வாரங்களே ஆனவர்கள் மருத்துவர் சொன்ன அளவைத் தாண்டலாகாது. இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள் சட்டைப்பையில் சிறிது சர்க்கரையோ குளுக்கோஸோ வைத்திருப்பது நல்லது.

மார்கழிப் பனியில் ஐந்து மணிக்கே எழுந்து நடக்க வேண்டிய கட்டாயம் எவருக்கும் இல்லை. வெயில் ஏறிய பின் நடக்கலாம். ஆஸ்துமாவும் நாள்பட்ட நுரையீரல் நோயும் உள்ளவர்கள் போகியன்று காலையில் சன்னல்களைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள்ளேயே இருப்பது நலம்.

வெளியே செல்ல இயலாதவர்களுக்கு அடுப்படியே போதும். பால் காயும்வரை சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகால்களை மெல்ல உயர்த்தி இறக்கலாம். சுவரோரம் போட்ட நாற்காலியிலிருந்து, இயன்றால் கைகளை ஊன்றாமல், ஐந்து முறை எழுந்து அமரலாம். கழிப்பறைக்குத் துணையின்றிச் சென்றுவரும் வலிமை இந்தத் தொடைத் தசைகளில்தான் இருக்கிறது என்பதை, படுக்கையிலிருந்து மீண்டவர்கள் நன்கறிவார்கள்.

இனிச் சமையலுக்கு வருவோம். பல வீடுகளில் நோயாளிக்கென்று ஒரு தனிப் பாத்திரம் இருக்கிறது. உப்பில்லாத, காரமில்லாத பத்தியச் சாப்பாடு அதில் வேகும். மற்றவர்கள் வத்தக்குழம்பும் அப்பளமும் உண்ண, அவர் மட்டும் தலை குனிந்து அதை விழுங்குவார். இரண்டு சமையல் செய்பவர் ஒரு மாதத்தில் களைத்துப்போவார். உண்பவரோ அதற்கு முன்பே மனம் சலித்துவிடுவார். பெரும்பாலான குடும்பங்களுக்கு இந்தத் தனிப் பாத்திரம் தேவையில்லை என்பதே எங்கள் கருத்து. இரத்த அழுத்தக்காரருக்கு ஏற்ற உப்பு வீட்டிலுள்ள பெரியவர்கள் எல்லோருக்குமே ஏற்ற உப்புதான்.

அந்த அளவு, ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவு. ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி. அப்படியானால் நால்வர் உள்ள வீட்டில் ஒரு கிலோ உப்பு 50 நாள்களுக்குக் குறையாமல் வர வேண்டும். முப்பதே நாளில் தீர்ந்தால் ஆளுக்கு 8 கிராமுக்கு மேல் செல்கிறது என்று பொருள். ஊறுகாயிலும் கருவாட்டிலும் கடை மிக்சரிலும் உள்ள உப்பு இந்தக் கணக்கில் சேரவே இல்லை! இந்துப்புக்கு மாறினால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். அதிலும் இருப்பது பெரும்பாலும் சோடியமே. சோடியம் குறைத்த உப்பில் பொட்டாசியம் சேர்ப்பதால், சிறுநீரக நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேளாமல் அதைத் தொடக் கூடாது.

முதல் வாரத்தில் கால் பங்கு மட்டும் குறைத்துப் பாருங்கள். குறைத்த இடத்தை நிரப்பச் சமையல் தெரிந்த கைக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை: வறுத்துப் பொடித்த மிளகும் சீரகமும், இறக்கியபின் பிழிந்த எலுமிச்சை, ஒரு கைப்பிடி கறிவேப்பிலை. ஊறுகாய்க்குப் பதிலாக அன்றன்று அரைத்த கொத்தமல்லித் துவையல். சில வாரங்களில் நாக்கு பழகிவிடும். பிறகு பழைய குழம்பே கரிக்கும்.

பொங்கலுக்கு நம் வீடுகளில் வைக்கும் பலகாய்க் குழம்பு இதற்கு நல்ல தொடக்கம். அவரை, பச்சை மொச்சை, பூசணி, பரங்கி, வாழைக்காய், சேனை, சர்க்கரைவள்ளி என்று தையில் மலிந்து கிடக்கும் காய்களெல்லாம் ஒரே பாத்திரத்தில் சேர்வதால் தட்டில் சோற்றைக் குறைத்தாலும் வயிறு நிறையும். நீரிழிவு உள்ளவர்கள் அவரையையும் பூசணியையும் கூடுதலாகவும் கிழங்கைக் குறைவாகவும் எடுத்துக்கொள்ளட்டும். சிறுநீரக நோயாளிகளுக்குக் காயை நறுக்கி, நிறைய நீரில் வேகவைத்து, அந்நீரை வடித்துவிட வேண்டியிருக்கும். எந்தக் காய், எவ்வளவு என்பதை எங்கள் உணவியல் பிரிவில் கேட்டறியுங்கள்.

அன்று சர்க்கரைப் பொங்கலை நோயாளியின் இலையில் மட்டும் விலக்க வேண்டாம். சர்க்கரை கட்டுக்குள் இருந்தால், சோற்றைக் குறைத்துக்கொண்டு இரண்டு கரண்டி உண்ணலாம். வெல்லம் என்பதால் அளவு மீறலாம் என்று எண்ணிவிடாதீர்கள், வெல்லமும் சர்க்கரையே. சாமையும் வரகும் அப்படித்தான், நார்ச்சத்து கூடுதலே தவிர, அளவின்றி உண்ணத்தக்கவை அல்ல.

இன்னொரு எச்சரிக்கை. இதய வால்வு மாற்றியபின் வார்ஃபரின் அல்லது அசினோகூமரால் உட்கொள்பவர்கள், புத்தாண்டுத் தீர்மானமாகத் திடீரென்று நாள்தோறும் கீரை உண்ணத் தொடங்க வேண்டாம். கீரையிலுள்ள வைட்டமின் கே அம்மருந்தின் வேலையைக் குறைத்துவிடும். வழக்கமாக உண்ணும் அளவை மாற்றாமல் இருப்பதே பாதுகாப்பு.

புதிய உப்புப் பொட்டலத்தைப் பிரிக்கும் நாளில் அதன் மேல் தேதியைக் குறித்து வையுங்கள். தீர்ந்த நாளையும் குறித்துக்கொண்டு, அடுத்த பரிசோதனைக்கு வரும்போது எங்களிடம் சொல்லுங்கள். சமைப்பவரையும் உடன் அழைத்து வாருங்கள்.