எதை நீக்குவது?

கிரிக்கெட் ஆட்டம் முடிந்த சில நிமிடங்களில் அதன் முக்கியக் காட்சிகளை ஊரே கைபேசியில் பார்க்கிறது. ஒவ்வொருவர் கேட்கும்போதும் அதே காணொளி தொலைவிலுள்ள சர்வரிலிருந்து புறப்பட்டு, செல்போன் கோபுரத்தை மைய வலையோடு சேர்க்கும் இணைப்பை அடைத்துக்கொண்டு வருகிறது. கோபுரத்தடியிலேயே ஒரு பிரதி இருந்தால் இந்த வீண் பயணம் மிச்சம். இப்படிப் பக்கத்தில் சேமித்து வைப்பதுதான் 'கேஷ்'. சிறு கோபுரங்களிலேயே காணொளிகளை வைத்துக்கொள்ளும் யோசனையை 2012-இல் தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 'ஃபெம்டோகேஷிங்' என்ற பெயரில் முன்வைத்தார்கள்.

கோபுரத்தில் இடம் கொஞ்சம்தான். புதியது வந்தால் பழையதில் ஒன்று போயாக வேண்டும். எது? கணினி நினைவகத்தில் எழுந்த இதே கேள்விக்கு ஐபிஎம்மில் பணியாற்றிய லாஸ்லோ பெலாடி 1966-இலேயே விடை சொல்லிவிட்டார்: இருப்பவற்றில் எது மிகப் பிந்தித் தேவைப்படுமோ, அதை நீக்கு. எவ்வளவு எளிய விதி! ஆனால் அதற்கு எதிர்காலம் தெரிந்திருக்க வேண்டும். அதனால் நடைமுறையில், கடைசியாகக் கேட்டு வெகுநேரம் ஆனதையோ, குறைந்த தடவை கேட்கப்பட்டதையோ நீக்கிச் சமாளித்தார்கள். முதல் வழியில், யாரோ ஒருவர் ஒரே முறை பார்த்த படம் பலர் விரும்புவதை வெளியே தள்ளிவிடும். இரண்டாவதில், போன மாதம் பரபரப்பாக ஓடியது இன்னும் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

இயந்திரக் கற்றல் நுழைவது இங்கேதான். கோப்பின் அளவு, இரண்டு கோரிக்கைகளுக்கு நடுவே ஓடிய நேரம் போன்றவற்றிலிருந்து அடுத்த கோரிக்கை எப்போது வரும் என்று கணிக்கிறார்கள். இணையத்தில் உள்ளடக்கத்தை விநியோகிக்கும் சர்வர்களுக்காக 2020-இல் பிரின்ஸ்டன் ஆய்வாளர்கள் வெளியிட்ட முறை, பெலாடியின் விதியைச் சற்றுத் தளர்த்திக்கொண்டது. மிகப் பிந்தியதைத் துல்லியமாகத் தேட வேண்டாம், ஒரு குறிப்பிட்ட கால எல்லையைத் தாண்டித் தேவைப்படும் எதை நீக்கினாலும் சரி என்றது. கணிக்கும் வேலைக்கு அவர்கள் எடுத்துக்கொண்டது பெரிய நரம்பியல் வலையை அல்ல, சிறு கேள்விகளை அடுக்கிக் கேட்டு விரைவாக விடை காணும் முடிவு மரங்களை. நொடிக்கு ஆயிரக்கணக்கில் கோரிக்கை வரும் இடத்தில் இது மிகப் புத்திசாலித்தனமான தேர்வு என்பேன்.

கோபுரத்தின் நிலைமை இன்னும் கடினம். அதன் எல்லைக்குள் இருப்பவர்கள் குறைவு, கற்றுக்கொள்ளக் கிடைக்கும் தரவும் குறைவு. ரயில் நிலையத்துக்கு அருகே காலையில் இருக்கும் கூட்டம் வேறு, இரவில் வேறு. எனவே ஒவ்வொரு முடிவின் பலனையும் பார்த்துப் பார்த்துத் திருத்திக்கொள்ளும் வலுவூட்டல் கற்றலை ஆய்வாளர்கள் நாடுகிறார்கள்: கேட்டது கையிருப்பில் இருந்தால் மதிப்பெண், இல்லையேல் இல்லை.

இவற்றையெல்லாம்விடப் பெரிய தடை மறைகுறியாக்கம் என்று நினைக்கிறேன். இன்று காணொளிகள் பூட்டப்பட்டே பயணிக்கின்றன. தன் வழியே போவது எந்தப் படம் என்பதே கோபுரத்துக்குத் தெரியாது. அது தெரிவது அனுப்பும் நிறுவனத்துக்கு மட்டுமே. நெட்ஃபிளிக்ஸ் தன் சேமிப்புப் பெட்டிகளை இணைய இணைப்பு தரும் நிறுவனங்களின் வலைக்குள்ளேயே வைத்து, மறுநாள் எது பார்க்கப்படும் என்று கணித்து, நெரிசல் இல்லாத நேரத்தில் அவற்றை நிரப்பிவிடுகிறது. அந்தப் பெட்டியைக் கோபுரம் வரை கொண்டுவர காணொளி நிறுவனமும் செல்போன் நிறுவனமும் ஒத்துழைத்தாக வேண்டும்.