ஊர் சுற்றி உண்டு பார்த்தால் சரக்கு தெரியும்



சென்னை கோவிந்தப்ப நாயக்கன் தெருவில் உள்ள என் கிட்டங்கியின் பின்சுவர் ஓரமாகப் பதினொரு அட்டைப்பெட்டிகள் நெடுநாள் கிடந்தன. உள்ளே இருந்தவை கருப்பு முத்துகள். கடலில் எடுத்த முத்தல்ல, மரவள்ளி மாவில் உருட்டியவை. 'பபிள் டீ' என்று இளைஞர்கள் குடிக்கிறார்களே, அதில் போடும் சரக்கு. 2022இல் ஒரு தரகர் வந்து, "அண்ணாச்சி, ஊர் முழுக்க இதுதான் ஓடுது. நீங்க எடுக்கலைன்னா வேற ஆள் எடுத்துடுவான்" என்றார். வேறு ஆள் எடுத்துவிடுவான் என்ற சொல்லுக்கு மயங்காத வியாபாரி உண்டா? எடுத்தேன். ஜவ்வரிசியைப் போல வருடக்கணக்கில் கிடக்கும் என்று நினைத்தது என் தப்பு. பெட்டியில் அச்சிட்டிருந்த காலாவதித் தேதியைக் காலம் கடந்த பிறகுதான் கவனித்தேன். பதினொன்றையும் குப்பை வண்டியில் ஏற்றிவிட்டுக் கணக்குப் பார்த்தால் நட்டம் 38,000 ரூபாய்.

வண்டி கிளம்புகிற நேரத்தில் என் தங்கை மகன் வந்து நின்றான். "மாமா, இதை நீங்க ஒரு தடவையாவது குடிச்சுப் பார்த்தீங்களா?" என்று கேட்டான்.

இல்லை. நாற்பது வருட வியாபாரத்தில் மிளகைக் கடித்து, மல்லியை உள்ளங்கையில் தேய்த்து முகர்ந்து, புளியை நுனி நாக்கில் வைத்துப் பார்த்த பிறகுதான் மூட்டைக்கு விலை பேசியிருக்கிறேன். இந்த ஒரு சரக்கை மட்டும் பெட்டியின் மேலிருந்த படத்தைப் பார்த்து வாங்கியிருக்கிறேன்!

மருமகனுக்கு ஒரு பழக்கம் உண்டு. சனிக்கிழமை தோறும் மாலை ஐந்து மணிக்கு இரு சக்கர வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவான். அதுவரை தின்னாத பண்டம் ஒன்று, குடிக்காத பானம் ஒன்று. எந்தத் தெரு, என்ன விலை, எப்படி இருந்தது என்று படம் பிடித்துப் பத்துப் பேருக்குச் சொல்லுவான். வேலையற்ற வேலை என்று நானும் அவன் அப்பாவும் சேர்ந்து திட்டியிருக்கிறோம். 38,000 ரூபாய் போன மறு வாரம், "மாப்பிள்ளை, நானும் வரேன்" என்று பின்னால் ஏறி உட்கார்ந்தேன்.

முதலில் போனது அண்ணா நகரில் ஒரு பபிள் டீக் கடைக்கு. ஒரு குவளை 180 ரூபாய். நம் தெரு டீக்கடையில் அந்தக் காசுக்குக் கிட்டங்கி ஆட்கள் அத்தனை பேருக்கும் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு மிச்சத்தில் வடையும் வாங்கலாம். இருந்தாலும் குடித்தேன். பாலும் தேயிலையும் சர்க்கரைப் பாகும் சேர்ந்த குளிர்ந்த பானம். அடியில் கிடக்கிற முத்துகளைப் பெரிய குழலால் உறிஞ்சி மென்று தின்ன வேண்டும். 1980களில் தைவானில் பிறந்த பானம் என்றான் மருமகன். எனக்கோ வாயில் போட்டதும் நம் வீட்டுப் பாயசம்தான் நினைவுக்கு வந்தது. ஜவ்வரிசிக்கு இந்த முத்து பெரியப்பா மகன். இரண்டுக்கும் மரவள்ளிக் கிழங்குதான் மூலம்.

கடைப் பையனிடம் பேச்சுக் கொடுத்தேன். முத்தைப் பெரிய பாத்திரத்தில் வேக வைத்துப் பாகில் ஊறப்போட வேண்டுமாம். சில மணி நேரத்தில் விறைத்துவிடும், அப்புறம் கொட்டத்தான் வேண்டுமாம். முத்து, பாகு, தடித்த குழல், குவளையின் வாயை மூடும் மெல்லிய தாள், அதை ஒட்டும் இயந்திரம் எல்லாமே ஒரே ஆளிடமிருந்து வருகிறதாம். என் பதினொரு பெட்டியும் ஏன் நகரவில்லை என்பது அப்போதுதான் விளங்கியது. முத்தை மட்டும் தனியாக யார் வாங்குவார்கள்? 180 ரூபாய் செலவில் தெரிந்திருக்க வேண்டிய விஷயத்தை 38,000 கொடுத்துத் தெரிந்துகொண்டேன்.

ஜவ்வரிசியும் ஒரு காலத்தில் நமக்குப் புதுச் சரக்குதான். இரண்டாம் உலகப் போரில் மலேயா, சிங்கப்பூர்ப் பக்கமிருந்து வந்த இறக்குமதி நின்றபோது, 1943 வாக்கில் சேலத்து வணிகர் மாணிக்கம் செட்டியார், பினாங்கிலிருந்து வந்த போபட்லால் ஷாவிடம் தொழில் விவரம் கேட்டு, மரவள்ளி மாவில் உற்பத்தி தொடங்கினார். 1981இல் உற்பத்தியாளர்களுக்கென்று 'சேகோசர்வ்' கூட்டுறவு அமைப்பே சேலத்தில் வந்துவிட்டது. வெளியூர்ச் சரக்கு நின்றபோது கையைப் பிசைந்துகொண்டு உட்காராத ஒரு வியாபாரியால் ஒரு மாவட்டமே பிழைத்தது.

அடுத்த சனிக்கிழமை அத்தோ. பாரிமுனையில் நாற்பது வருடம் கடை நடத்தியவன், பத்து நிமிட நடையில் இருக்கிற செகண்ட் லைன் பீச் ரோட்டுத் தள்ளுவண்டிகளில் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை என்றால் நம்புவீர்களா? அகலப் பாத்திரத்தில் நூடுல்ஸ், நறுக்கிய கோஸ், வெங்காயம், பொரித்த பூண்டு, மிளகாய்த் தூள், புளித்தண்ணீர், எண்ணெய் எல்லாவற்றையும் கையாலேயே பிசைந்து தட்டில் வைக்கிறார்கள். அதன் மேல் பேஜோ என்ற மொறுமொறுப்பான பண்டத்தை நொறுக்கிப் போடுகிறார்கள். பக்கத்தில் வாழைத்தண்டு சூப். அவித்த முட்டையைக் கீறிப் பொரித்த வெங்காயமும் பூண்டும் அடைத்துப் புளித்தண்ணீர் விட்டுத் தருவது தனி.

இந்தத் தட்டின் பின்னால் இருக்கும் கதையை நம்மைப் போன்ற கடைக்காரர்கள்தான் சரியாகப் புரிந்துகொள்ள முடியும். 1962இல் பர்மாவில் இராணுவ ஆட்சி வந்தது. 1964இல் தனியார் கடைகளை அரசு எடுத்துக்கொண்டது. அதே ஆண்டு 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்றும் அறிவித்தது. தலைமுறையாக வியாபாரம் செய்த நம்மவர்கள், கல்லாவில் இருந்ததும் போய், கடையும் போய், கட்டிய துணியோடு கப்பலேறினார்கள். கடையை எடுத்துக்கொள்ளலாம், கைப்பக்குவத்தை எவன் எடுத்துக்கொள்வது? அதை வைத்துத்தான் அவர்கள் இங்கே தெருவோரத்தில் மறுபடி எழுந்தார்கள். அன்றைக்கு இந்த நகரத்துக்கு அது பெயர் தெரியாத பண்டம். இன்றைக்கும் மாலையானால் கூட்டம் நிற்கிறது. சாப்பிட்டுக்கொண்டே எண்ணிப் பார்த்தேன்: நூடுல்ஸ், புளி, பூண்டு, வற்றல் மிளகாய், கடலை மாவு, எண்ணெய் என்று அந்த வண்டியில் உள்ள சரக்கில் முக்கால்வாசி நம் தெருக்களில் கிடைப்பது. அந்த வட்டாரத்தில் எனக்கு ஒரு வாடிக்கைகூட இருந்ததில்லை. இப்போது இரண்டு வண்டிக்குப் புளி என் கடையிலிருந்து போகிறது.

மின்ட் தெருவில் முறுக்கு சாண்ட்விச்சும் தின்றேன். இரண்டு முறுக்குக்கு நடுவே வெள்ளரி, தக்காளி, சட்னி. அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. எனக்கு முறுக்கு முறுக்காக இருந்தால் போதும்.

பானம் என்றதும் 2017 நினைவுக்கு வருகிறது. ஜல்லிக்கட்டுப் போராட்டத்தை ஒட்டி, அந்த ஆண்டு மார்ச் 1 முதல் வெளிநாட்டுக் குளிர்பானங்களை விற்பதில்லை என்று தமிழக வணிகர் அமைப்புகள் முடிவெடுத்தன. முடிவு நல்ல முடிவு. ஆனால் வாடிக்கையாளர், "சரி, வேற என்ன இருக்கு?" என்று கேட்டபோது நம்மில் பலர் விழித்தோம். 1916இல் விருதுநகரில் தொடங்கிய காளிமார்க்கின் பொவோன்டோ எல்லோருக்கும் தெரியும். அதற்கு மேல்? எந்த ஊர்ப் பன்னீர் சோடாவில் மணம் நிற்கும், எந்த நன்னாரியில் வெறும் எசன்ஸ் என்பதை நாம் ஒருவரும் குடித்துப் பார்த்து வைத்திருக்கவில்லை. கண்டதை வாங்கி வைத்தோம். ஒரு முறை வாங்கியவர் மறுமுறை கேட்கவில்லை. பழிமட்டும் உள்ளூர்ச் சரக்கின் மேல் விழுந்தது.

இனி பிஸ்தா விஷயம். 2024இல் ஒரு சனிக்கிழமை மருமகன், உள்ளே பச்சை விழுது வைத்த கனமான சாக்லேட் ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினான். துபாயில் பிறந்த சரக்கு. 2023 டிசம்பரில் ஒரு பெண்மணி காரில் உட்கார்ந்து அதைத் தின்று காட்டிய படத்தால் உலகமெல்லாம் பரவியது என்றான். கடித்தேன். பிஸ்தா விழுதும் நெய்யில் வறுத்த சேமியா போன்ற இழைகளும். குனாபா என்ற அரபு நாட்டு இனிப்பில் சேர்க்கும் இழையாம் அது. "மாமா, பிஸ்தா கொஞ்சம் வாங்கிப் போடுங்க" என்றான். சிரித்துவிட்டேன், முத்துப் பெட்டியில் சூடுபட்ட பூனை அல்லவா! 2025 ஏப்ரலில் செய்தி வந்தது. அமெரிக்காவில் முந்தைய அறுவடை குறைந்ததோடு இந்தச் சாக்லேட் மோகமும் சேர்ந்துகொள்ள, ஒரே வருடத்தில் பிஸ்தாப் பருப்பு பவுண்டுக்கு 7.65 டாலரிலிருந்து 10.30 டாலருக்கு ஏறிவிட்டதாம். அந்தத் தீபாவளிக்கு நான் வாங்கிய பிஸ்தாவின் பில்லைப் பார்க்கும்போதெல்லாம் அந்தச் சிரிப்பு நினைவுக்கு வரும். ஒரு முறை தின்னாமல் வாங்கிக் கெட்டேன், மறுமுறை தின்றும் வாங்காமல் கெட்டேன்.

புதுப் பண்டம் எல்லாமே நல்ல பண்டமல்ல. 2024 பிப்ரவரியில் புதுச்சேரியில் விற்ற பஞ்சு மிட்டாயில் ரோடமின்-பி என்ற, துணிக்குப் போடும் சாயம் கண்டுபிடிக்கப்பட்டது. தமிழகமும் அந்த மாதம் 17ஆம் தேதி பஞ்சு மிட்டாய்க்குத் தடை விதித்தது. அதற்குச் சில மாதம் முன்புதான் ஒரு பையன் என் கடைக்கு வந்து, "நல்லாப் பிடிக்கிற ரோஸ் கலர் லூசுல இருக்கா?" என்று கேட்டான். உணவுக்கு அனுமதித்த நிறம் சீல் வைத்த டப்பாவில்தான் உண்டு, லூசில் கிடையாது என்றேன். விலை அதிகம் என்று போய்விட்டான். எங்கே வாங்கினானோ! அடுத்து மயோனைஸ். பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸுக்கு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தமிழக அரசு தடை போட்டது. ஷவர்மா தின்னப் போகிற இடத்திலெல்லாம் மருமகன் மயோனைஸ் என்ன வகை, எப்போது செய்தது என்று கேட்பான். எரிச்சலோடு பதில் சொல்கிற கடையில் பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவோம். முட்டையில்லாத மயோனைஸை அவன் சொல்லித்தான் கொள்முதல் செய்திருந்தேன். தடை வந்த வாரத்தில் அது தீர்ந்தே போனது.

இப்படிச் சுற்றுகிற இளைஞர்கள் மேல் நம்மவர்களுக்குக் கோபம் உண்டு. காசு கொடுக்காமல் சாப்பிடுகிறார்கள், நல்லபடி சொல்லப் பணம் கேட்கிறார்கள் என்று என் காதுபடச் சொன்னவர்கள் பலர். கோபம் நியாயம்தான். பணமோ பொருளோ இலவசமோ பெற்றுக்கொண்டு ஒன்றைப் புகழ்கிறவர் அதைப் பார்ப்போருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று 2023 ஜனவரியிலேயே மத்திய நுகர்வோர் துறை வழிமுறை வெளியிட்டுவிட்டது. கேட்டு வருகிறவரிடம் இதை எடுத்துச் சொல்லுங்கள். மருமகன் எங்கே போனாலும் பில் கொடுத்துவிடுவான். அந்த ஒன்றுக்காகத்தான் அவனோடு போகிறேன்.

ஆனால் அவனாலும் ஒரு தப்பு நடந்தது. பக்கத்துச் சந்தில் ஓர் அக்கா மதியச் சாப்பாடு போடுகிறார். இருபது வருடமாக என் வாடிக்கை. மூட்டை தூக்கும் தொழிலாளிகள், பில் கலெக்டர்கள் என்று அறுபது எழுபது பேர் சாப்பிடுவார்கள். மருமகன் அவருடைய கருவாட்டுக் குழம்பைப் படம் பிடித்துக் காட்டினான். அடுத்த ஞாயிறே சந்து அடைத்துவிட்டது. கார்களில் வந்தார்கள். அக்கா பயந்துபோய், பிறகு மகிழ்ந்துபோய், என்னிடம் இரண்டு பங்கு அரிசியும் பருப்பும் கடனில் எடுத்தார். இரண்டு பேரை வேலைக்கு வைத்தார், சாப்பாட்டு விலையை ஏற்றினார். அவசரத்தில் குழம்பு நீர்த்தது. ஒரு மணிக்கு வந்து ஒன்றரைக்கு வேலைக்குத் திரும்ப வேண்டிய தொழிலாளிகள் வரிசையில் நிற்க முடியாமல் வேறு கடை பார்த்துக்கொண்டார்கள். மூன்று மாதத்தில் காரும் வருவது நின்றது. பேரேட்டில் அவர் பெயரில் 14,000 ரூபாய் பாக்கி.

மருமகனைக் கூப்பிட்டுப் பேரேட்டைத் திருப்பிக் காட்டினேன். ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டே இருந்தான். "நல்லதுன்னு நெனைச்சுத்தான் மாமா பண்ணேன்" என்றான் கடைசியில். நல்லதுதான். ஆனால் எழுபது பேருக்கு உலை வைக்கிறவர் வாசலுக்கு முந்நூறு பேரை அனுப்பினால் அது உதவியா உபத்திரவமா? இப்போதெல்லாம் அவன் கைபேசியை எடுக்கும் முன், ஒரு நாளைக்கு எத்தனை பேருக்குத் தாங்கும் என்று கடைக்காரரிடம் கேட்டுவிடுகிறான். வேண்டாம் என்று சொன்னவர்களும் உண்டு. அங்கே சாப்பிட்டுவிட்டுப் பேசாமல் வந்துவிடுகிறோம்.

அக்கா பழைய விலைக்கே இறங்கிவிட்டார். தொழிலாளிகளில் பாதிப்பேர் திரும்பி வந்துவிட்டார்கள். பாக்கியை வாரம் 500 வீதம் கட்டுகிறார். போன வாரம் நானும் மருமகனும் போய் உட்கார்ந்தோம். சாப்பிட்டு எழுந்ததும் ஆளுக்கு ஒரு தம்ளர் நன்னாரி சர்பத் கொடுத்தார். உள்ளே சப்ஜா விதை மிதந்தது. வெயிலுக்குப் பத்து ரூபாய்க்குப் போடலாமென்று இருக்கிறாராம். எலுமிச்சை கொஞ்சம் தூக்கல், மற்றபடி குறை சொல்ல முடியாது.

"ரெண்டு கிலோ சப்ஜா அனுப்பட்டுமா அக்கா? கணக்குல வச்சுக்கலாம்" என்றேன்.

"கால் கிலோ போதும் அண்ணாச்சி. காசு இப்பவே தரேன்" என்றார்.