காரணமின்றி அணையும் கணினி

மேசைக் கணினி திடீரென அணைந்து, பிழைச்செய்தி எதுவும் காட்டாமல் மீண்டும் தொடங்கும்போது பழி பெரும்பாலும் மென்பொருள்மீதே விழுவதால், விண்டோஸை அழித்து மறுபடி நிறுவுவதிலேயே ஒரு நாள் வீணாகிறது. உண்மையில் முதலில் ஐயுற வேண்டியது மின்சாரம் செல்லும் பாதையையே. சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மாறுதிசை மின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட் நேர்திசை மின்சாரமாக மாற்றும் பெட்டியான எஸ்எம்பிஎஸ் பழுதடையும்போது, கணினி சும்மா இருக்கையில் சரியான அழுத்தத்தைத் தந்துவிட்டு, செயலி கடுமையாக உழைக்கும் நேரத்தில் மட்டும் தளர்ந்துவிடக்கூடும் என்பதால், 12 வோல்ட் இணைப்பை அந்த நேரத்திலேயே அளக்க வேண்டும். கணினி மின்வழங்கிகளுக்கான ஏடிஎக்ஸ் வரையறை அதில் ஐந்து விழுக்காடு ஏற்றத்தாழ்வை, அதாவது 11.4 முதல் 12.6 வரை, அனுமதிக்கிறது.

அடுத்துப் பார்க்க வேண்டியவை, மதர்போர்டில் செயலியைச் சுற்றி நிற்கும் சிறு உருளைகளான மின்தேக்கிகள். இவை மின்னழுத்தத்தின் நடுக்கத்தைத் தணிப்பவை. 2000-களின் தொடக்கத்தில், பெரும்பாலும் தைவானில் தயாரான மின்தேக்கிகளில் நிரப்பப்பட்ட மின்பகுதிரவம் குறைபாடுடையதாக இருந்ததால், உள்ளே ஹைட்ரஜன் வாயு பெருகி, குறுக்குக்கோடு கீறிய மேல்தகடு புடைத்து வெடிக்க, பழுப்புநிறக் கசிவு வெளிவந்து, உலகெங்கும் எண்ணற்ற மதர்போர்டுகள் செயலிழந்தன. அந்தப் புடைப்பைக் காண டார்ச் விளக்கும் பொறுமையும் போதும்.

அங்கும் பழுது தென்படாவிட்டால் ரேம் எனும் நினைவகத் தகடுகளை ஒவ்வொன்றாகப் பொருத்தி, அவற்றைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் நிரலை இரவு முழுதும் ஓடவிடலாம். இரண்டு பாகங்களை ஒருசேர மாற்றிவிட்டால், கணினி சரியானாலும், பழுது எதில் இருந்தது என்பது தெரியாமலே போய்விடும்.