பஞ்சர்: அடைப்பதும் ஒட்டுவதும்

பி.எஸ்ஸி. இயற்பியல், இரண்டாம் ஆண்டு

ஓரலகுப் பரப்பின்மீது செங்குத்தாகச் செயல்படும் விசையே அழுத்தம் என்று முதலாண்டில் பேராசிரியர் கரும்பலகையில் எழுதியபோது, என் நினைவு வகுப்பறையை விட்டுத் திருச்சி - திண்டுக்கல் சாலையோரத்தில் உள்ள ஒரு புளியமரத்தடிக்குப் போய்விட்டது. அந்த மரத்தடியில்தான் என் தந்தையார் இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பஞ்சர் கடை நடத்தி வருகிறார். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். "வண்டியைத் தூக்கறது டயர் இல்லீங்க, உள்ள இருக்கிற காத்து" என்று அவர் வருவோரிடமெல்லாம் சொல்வதைச் சிறு வயது முதல் கேட்டிருக்கிறேன். அவர் சொல்வதும் பேராசிரியர் எழுதியதும் ஒன்றே என்பது அன்றுதான் விளங்கியது.

கடையைப் பற்றி வகுப்பில் இதுவரை நான் யாரிடமும் பேசியதில்லை. இப்போது எழுதுவதற்குக் காரணம் உண்டு. ஆசிரியர்கள் சிலரும், வீட்டில் புதிதாகக் கார் வாங்கிய நண்பர்கள் சிலரும், கடைகளில் விற்கும் பஞ்சர் பெட்டியை வாங்கி வந்து வாசலிலேயே வேலையை முடித்துக்கொள்வதாக அறிந்தேன். அதில் தவறில்லை. ஆனால் எது வரை வீட்டில் செய்யலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் ஒரு சிறு கணக்கு. ஆட்களோடு சேர்த்து 1000 கிலோ எடையுள்ள கார் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு சக்கரத்தின் பங்கு ஏறத்தாழ 250 கிலோ. டயரில் சதுர அங்குலத்துக்கு 32 பவுண்டு காற்று இருந்தால், அது சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 2.25 கிலோ. வகுத்துப் பார்த்தால் தரையைத் தொடும் பரப்பு 111 சதுர சென்டிமீட்டர். ஓர் அஞ்சலட்டையை விடச் சற்றுச் சிறியது! நான்கு அஞ்சலட்டைகளின்மேல்தான் ஒரு குடும்பம் பயணம் செய்கிறது.

காற்று பாதியாகக் குறைந்தால் அந்தப் பரப்பு ஏறக்குறைய இரு மடங்காக வேண்டும். அதற்காக டயரின் பக்கச்சுவர் மடிந்து கொடுக்கிறது. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் சிறிய காரின் சக்கரம் நொடிக்குப் பன்னிரண்டு முறை சுழலும். அத்தனை முறையும் சுவர் மடிந்து நிமிரும். மடிப்பதற்குச் செலவான ஆற்றல் முழுவதையும் நிமிரும்போது ரப்பர் திருப்பித் தருவதில்லை. மிச்சம் வெப்பமாகிறது. காந்தவியலில் நாம் வரையும் தயக்கக் கண்ணியும் இப்படிப்பட்டதே. ஆகவே துளை எவ்வளவு சிறியதானாலும், காற்றில்லாமல் சில கிலோமீட்டர் ஓட்டிவிட்ட டயர் பெரும்பாலும் பிழைக்காது. கழற்றிப் பார்த்தால் உள்ளே கரும்பொடி உதிர்ந்து கிடக்கும். சுவரைச் சுற்றி ஒரு வளையத் தழும்பு தெரியும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது என்பதுதான் ஆபத்து.

காற்றடைத்த டயருக்கு ராபர்ட் தாம்சன் 1845இல் காப்புரிமை பெற்றார். அது மறக்கப்பட்டு, 1888இல் டன்லப் தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்காக மீண்டும் அதைச் செய்தார். அந்நாள் முதல் பஞ்சரும் உண்டு! டியூப் உள்ள டயரில் ஆணி ஏறினால் காற்று சட்டென இறங்கும். இன்றைய கார்களில் உள்ள டியூப் இல்லாத டயரிலோ ஆணியே துளையை அடைத்துக்கொண்டிருப்பதால் காற்று மெல்லக் கசியும். அதனால் ஆணியைக் கண்டவுடன் பிடுங்கக் கூடாது. சோப்பு நீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்த்து, சாக்பீஸால் வட்டமிட்டுக்கொண்டு, சக்கரத்தைக் கழற்றிய பின்னரே பிடுங்க வேண்டும். வால்விலும் இரண்டு சொட்டு விட்டுப் பாருங்கள். ஆணியே இல்லாத பஞ்சர்கள் பல அங்கேதான் இருக்கும்.

பெட்டியில் வருவது பிசினில் தோய்த்த திரி. ஆணியைக் குறடால் இழுக்கும்போது அது எந்தச் சாய்வில் வருகிறது என்று கவனித்து, அதே சாய்வில் அரத்தைச் செலுத்தித் துளையைத் தேய்க்க வேண்டும். பிறகு ஊசியில் திரியைக் கோத்து, முக்கால் பங்கு உள்ளே போகும்வரை அழுத்தி, ஊசியை மட்டும் வெடுக்கென உருவிவிட்டு, மிச்சத்தை வெட்ட வேண்டும். பத்து நிமிட வேலை. காற்று நின்றுவிடும். பலர் இத்தோடு பஞ்சர் ஒட்டியாயிற்று என்று எண்ணிவிடுகிறார்கள்.

என் தந்தையார் இதை ஒட்டுவது என்று சொல்லவே மாட்டார், "அடைச்சிருக்கேன்" என்பார். வித்தியாசம் இதுதான். டயரின் உட்புறத்தில் காற்றைப் பிடித்து வைக்கும் மெல்லிய ரப்பர் படலம் ஒன்றுண்டு. திரி அந்தப் படலத்தோடு சேர்ந்து ஒட்டுவதில்லை. தரைப்பகுதிக்குள் எஃகுக் கம்பிப் பட்டைகள் இருக்கின்றன. திரியின் ஓரமாக மழைநீர் இறங்கினால் அவை துருப்பிடிக்கும்; நாளடைவில் பட்டை ரப்பரை விட்டுப் பிரியும். முறையான வேலை என்றால் டயரை ரிம்மிலிருந்து கழற்றி, உட்புறத்தைத் தேய்த்து, சொல்யூஷன் தடவி உலரவிட்டு, குடை போன்ற மஷ்ரூம் பேட்ச்சை உள்ளிருந்து இழுத்து ஒட்டிச் சிறு உருளையால் அழுத்த வேண்டும். காம்பு துளையை நிரப்பும். குடை படலத்தை மூடும். இந்தக் கழற்றலை வீட்டில் கடப்பாரையால் செய்யாதீர்கள். டயரின் விளிம்பிலுள்ள கம்பி வளையம் வளைந்தால் டயரே வீண். சொல்யூஷனின் ஆவி தீப்பற்றக்கூடியது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். பீடியும் விளக்கும் பக்கத்தில் ஆகாது.

எனவே வாசலில் போட்ட திரி, கடைவரை மெதுவாகப் போய்ச் சேருவதற்கு. அதுவும் துளை டயரின் நடுத்தரைப் பகுதியில், 6 மில்லிமீட்டருக்கு மேற்படாமல் இருந்தால் மட்டுமே. ஓரத்திலும் பக்கச்சுவரிலும் எந்த ஒட்டும் கூடாது. அங்கே எஃகுப் பட்டை இல்லை, நூலிழை அடுக்குதான். சுழற்சிதோறும் மடிவதும் அந்த இடமே.

சென்ற ஆண்டு சித்திரையில், பழனிக்குப் போய்க்கொண்டிருந்த ஒருவர் பக்கச்சுவரில் கம்பி குத்திய டயரோடு வந்தார். "அண்ணே, ஒரு திரி வச்சு விடுங்க, எவ்வளவுன்னாலும் தர்றேன்" என்றார். ஸ்டெப்னி பழசு, அதிலும் காற்றில்லையாம். அப்பா, "சைடுல போடறதில்லீங்க சார்" என்று மறுத்து, ஸ்டெப்னிக்குக் காற்றடித்து மாட்டிவிட்டார். வந்தவர் முகத்தைச் சுளித்தபடியே காற்றுக்கான காசை மட்டும் நீட்டினார். அன்று காலையிலிருந்து வேறு வேலை வரவில்லை. நானும் கல்லூரிக் கட்டணத்துக்கு நின்றுகொண்டிருந்தேன். கேட்டபோது, "பின்சீட்டுல ரெண்டு புள்ளைங்க இருந்துச்சு, பாத்தியா தம்பி?" என்றார். நான் பார்த்திருக்கவில்லை.

துளையை விட ஜாக்கியே ஆபத்தானது. பிளஸ் டூ விடுமுறையில், மழைபெய்த மறுநாள், பக்கத்து வீட்டுக் காரை நான் தனியே தூக்கினேன். ஜாக்கியின் கீழ்ப் பலகை வைக்கவில்லை. எதிர்ச் சக்கரத்துக்குக் கல்லும் வைக்கவில்லை. சக்கரத்தைக் கழற்றிய சற்று நேரத்தில் ஜாக்கி ஈரமண்ணில் சாய்ந்து, கார் இறங்கிவிட்டது. கழற்றிய சக்கரத்தைக் காரின் அடியில் படுக்க வைக்கும் பழக்கத்தை அப்பா ஊட்டியிருந்தார். அன்று அதை மட்டும் மறக்காததால் கார் டயரின்மேல் உட்கார்ந்தது. என் கைக்கு இரண்டு விரற்கடைதான் இடைவெளி. ஜாக்கி தூக்குவதற்கு மட்டுமே, தாங்குவதற்கு அன்று. கெட்டியான சமதரை, கைபிரேக், முதல் கியர், மூலைக்கு எதிர்மூலையில் கல், அடியில் சக்கரம். இத்தனையும் இருந்தாலும் உடம்பைக் காருக்கு அடியில் நுழைக்காதீர்கள்.

நட்டுகளைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே அரைச்சுற்று தளர்த்திக்கொள்ள வேண்டும். மாட்டிய பின் கடைசி இறுக்கமும் தரையில் இறக்கித்தான். ஒன்றையடுத்து ஒன்றாக இறுக்காமல் எதிரெதிராக இறுக்குக. சிறிய கார்களுக்குத் தேவையான திருப்புவிசை 100 நியூட்டன் மீட்டரை ஒட்டி இருக்கும். கால் மீட்டர் நீள ஸ்பேனரின் நுனியில் 40 கிலோ எடையை வைப்பதற்கு அது சமம். ஸ்பேனரின்மேல் ஏறி நின்று மிதிப்பவர்கள் போல்ட்டை இழுத்து நீட்டுகிறார்கள். 50 கிலோமீட்டர் ஓடிய பின் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். காற்றின் அளவு ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும். டயரின்மேல் அச்சிட்டிருப்பது உச்ச வரம்பு, அதை நிரப்பக் கூடாது. டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும். அளக்கும் அன்றே ஸ்டெப்னியையும் அளந்துவிடுங்கள். மரத்தடிக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் அதைக் கார் வாங்கிய நாளுக்குப் பின் தொட்டதே இல்லை.