ஓட்டிசமுள்ள குழந்தைகளும் பல்கலைக்கழக மாணவர் தொண்டும்

கல்வியின் பயன் யாது என்னும் வினாவுக்கு அறிஞர் பலவாறு விடை கூறியுள்ளனர். பட்டமும் பதவியும் அதன் பயன்களே எனினும், பெற்ற அறிவைப் பிறர்க்கு உதவச் செய்தலே அதன் நிறைவான பயன் என்பதை எவரும் மறுக்கார். பல்கலைக்கழக மாணவர்கள் தாம் பட்டம் பெறுவதற்கு முன்னரே, பேச்சு வாராத குழந்தைகளின் அருகில் அமர்ந்து, ஒவ்வோர் ஒலியாகவும் ஒவ்வொரு சொல்லாகவும் கற்பிக்க முயன்ற வரலாறு ஒன்றுண்டு. அதன் சிறப்பும் குறையும் ஒருங்கே ஆராயத்தக்கன.

முதற்கண் ஓட்டிசம் என்பது யாது என அறிதல் வேண்டும். 'தான்' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லினின்றும் பிறந்தது இப்பெயர். அமெரிக்காவின் பால்ற்றிமோர் நகரில் மருத்துவராக விளங்கிய லியோ கன்னர் என்பார், 1943 ஆம் ஆண்டில் பதினொரு குழந்தைகளைப் பற்றிக் கட்டுரையொன்று எழுதி இந்நிலையை உலகறியச் செய்தார். அக்குழந்தைகள் மனிதரோடு உறவாடுவதிலும் பொருள்களோடு உறவாடுவதையே பெரிதும் விரும்பினர். அன்றாட ஒழுங்கிற் சிறு மாற்றம் நேரினும் பெரிதும் கலங்கினர். அவர்களுட் சிலர் பேசவேயில்லை. பேசியவர்களிற் பலர் கேட்டதையே திருப்பிக் கூறினர். இன்று இஃது ஒட்டுவதொரு நோயன்று, மூளையின் வளர்ச்சியில் இளமை தொட்டே அமையும் ஒரு வேறுபாடு என்று அறிஞர் கொள்கின்றனர். அதன் அளவும் தன்மையும் ஆளுக்காள் வேறுபடும். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2021 ஆம் ஆண்டில் ஏறத்தாழ 127 பேருக்கு ஒருவர் இந்நிலையுடையவராயிருந்தனர். ஆகவே இஃது எங்கோ ஒரு வீட்டில் மட்டும் காணப்படும் அரிய நிலையன்று.

இக்குழந்தைகளைப் பெற்ற அன்னையர்க்கு ஒரு காலத்தில் பெருங்கொடுமை இழைக்கப்பட்டது. தாயின் அன்பின்மையே குழந்தையை இவ்வாறு ஒதுங்கச் செய்தது என்று கற்றோர் சிலரும் கூறினர். சிக்காகோ நகரின் புரூனோ பெற்றல்கைம் 1967 இல் வெளியிட்ட நூல் இக்கருத்தைப் பரப்பியது. அதற்கு முன்னரே, 1964 இல், ஓட்டிசமுள்ள மகனொருவனின் தந்தையும் உளவியல் அறிஞருமான பேர்னாட் றிம்லண்ட், இந்நிலைக்குக் காரணம் உடலமைப்பைச் சார்ந்ததே என்று சான்றுகளுடன் நூலெழுதியிருந்தார். பிற்கால ஆராய்ச்சிகள் அவர் பக்கமே நின்றன. பழி நீங்கியதும் அடுத்த வினா எழுந்தது: குழந்தைக்குக் கற்பிப்பவர் யார்?

இவ்வினாவுக்கு விடைகாண முயன்றவருள் ஒருவர் ஐவர் லோவாஸ். நோர்வே நாட்டிற் பிறந்த இவர், லொஸ் ஏஞ்சல்ஸ் நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் 1961 முதல் உளவியல் கற்பித்தார். கற்க வேண்டிய செயலைச் சிறுசிறு படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு படியையும் பன்முறை பயிற்றி, வெற்றி பெறுந்தோறும் உடனே பரிசளித்தல் இவரது முறை. பேச்சைக் கற்பித்த விதமே இதற்குத் தக்க சான்றாகும். குழந்தை எவ்வொலியை எழுப்பினும் முதலிற் பரிசு உண்டு. அடுத்த படியில், ஆசிரியர் ஒலித்த 6 செக்கனுக்குள் குழந்தை ஒலியெழுப்பினாலே பரிசு. அதன்பின் ஆசிரியரின் ஒலியை ஒத்திருந்தாலே பரிசு. இவ்வாறு ஒலியினின்று சொல்லுக்குச் செல்வர்.

இத்தகைய கற்பித்தல் ஒரு குழந்தைக்கு ஓர் ஆசிரியரை வேண்டுவது; அதுவும் நாள் முழுவதும் வேண்டுவது. அத்துணை மருத்துவரையும் ஆசிரியரையும் எந்நாடுதான் அமர்த்த இயலும்? இங்கேதான் மாணவர் துணைக்கு வந்தனர். உளவியல் பயிலும் மாணவர்கள் முறையாகப் பயிற்சி பெற்று, மூத்தோரின் மேற்பார்வையில், பகுதிநேரமாக முறைவைத்துப் பணியாற்றினர்.

முதல் முயற்சிகளின் முடிவு கசப்பானது. 1973 இல் லோவாசும் அவர்தம் குழுவினரும் வெளியிட்ட ஆய்வின்படி, பயிற்சியின் பின் பராமரிப்பு நிலையங்களுக்குத் திரும்பிய குழந்தைகள் கற்றவற்றை இழந்தனர். பயிற்சி பெற்ற பெற்றோரிடம் சென்றவர்களோ அவற்றைக் காத்துக்கொண்டனர். ஆதலின், பின்னர் மாணவர்கள் குழந்தைகளின் வீடுகளுக்கே சென்றனர். பெற்றோரும் உடன் கற்பித்தனர். குழந்தைகளும் நான்கு வயதுக்குட்பட்டோராகத் தெரியப்பட்டனர்.

இதன் பெறுபேறு 1987 இல் வெளிவந்தது. வாரத்துக்கு 40 மணித்தியாலம், ஈராண்டு அல்லது அதற்கு மேலாகப் பயிற்சி பெற்ற 19 குழந்தைகளில் 9 பேர் பொதுப் பாடசாலையின் முதலாம் வகுப்பிற் சித்தியெய்தி, நுண்ணறிவுச் சோதனையிலும் சராசரி நிலையை அடைந்தனர் என்று அவ்வறிக்கை கூறிற்று. நம்பிக்கையிழந்திருந்த பெற்றோர்க்கு இச்செய்தி பாலைவனத்துச் சுனையாயிற்று.

எனினும் நாணயத்துக்கு மறுபக்கமும் உண்டு. குழந்தைகள் குலுக்கல் முறையிற் பிரிக்கப்படவில்லை. பயிற்றுநர் கிடைத்தமையைப் பொறுத்தே பிரிக்கப்பட்டனர் என்பதால், அவ்வெண்களை அப்படியே ஏற்றல் தகாதென ஆய்வாளர் கூறினர். அதனினும் பெரிய குறை தண்டனை. 1960 களிற் சில குழந்தைகளுக்கு மின்னதிர்ச்சியும் அளிக்கப்பட்டது. 1987 இன் ஆய்விலும் உரத்த அதட்டலும் தொடையில் அடித்தலும் இடம்பெற்றன. நன்மை செய்ய வந்தவரின் கையே குழந்தைக்கு அச்சந் தருமாயின் அத்தொண்டின் பொருள் என்ன?

ஓட்டிசமுள்ளோரே வளர்ந்து எழுதவும் பேசவும் தொடங்கியபோது இவ்வினா மேலும் கூர்மையுற்றது. அவர்களுள் ஒருவரான ஜிம் சின்கிளேயர் 1993 இல் பெற்றோரை நோக்கி எழுதிய கட்டுரையில், ஓட்டிசம் குழந்தையினின்றும் பிரித்தெடுக்கத்தக்க உறையன்று, அஃது அக்குழந்தை உலகைக் காணும் விதமே என்று விளக்கினார். குழந்தையைப் பிறரைப்போல் ஆக்குவதா, அன்றி அக்குழந்தை தன் இயல்போடு வாழ வழிசெய்வதா என்பதே இன்று தொண்டர் ஒவ்வொருவரும் எதிர்நோக்கும் வினா. கைகளை ஆட்டுதல் ஒரு குழந்தைக்கு அமைதி தருமாயின், அதைத் தடுப்பதால் எவர்க்கும் பயனில்லை. ஆனால் தண்ணீர் வேண்டும் என்பதைச் சொல்லாலோ, படத்தாலோ, சைகையாலோ அறிவிக்கக் கற்பித்தல் அக்குழந்தைக்குப் பெரும் விடுதலையாகும்.

இவ்வரலாற்றினின்று தொண்டாற்ற விரும்பும் மாணவர் கொள்ளத்தக்க பாடங்கள் சில உள. முதலாவது, காலந்தவறாமை. அன்றாட ஒழுங்கையே ஊன்றுகோலாகக் கொண்ட குழந்தைக்கு, வருவதாகக் கூறிய அண்ணன் வாராத நாள் இடிந்து விழுந்த நாளாகும். இரண்டாவது, தெளிவான சொல். ஓட்டிசமுள்ளோரிற் பலர் சொல்லின் நேர்ப்பொருளையே கொள்வர். ஆதலின் குறிப்பும் எள்ளலும் விடுத்துச் சுருங்கச் சொல்லி, விடைக்குக் காத்திருத்தல் வேண்டும். மூன்றாவது, புலனுணர்வறிதல். பிறர் பொருட்படுத்தாத மின்விசிறியின் ஒலியும் சட்டையின் உரசலும் சில குழந்தைகளைப் பெரிதும் வருத்தும்; அடம் என்று தோன்றுவது பலகால் வேதனையே. நான்காவது, மேற்பார்வை. ஆர்வம் மட்டும் அறிவாகாது. பயிற்சி பெற்றோரின் வழிகாட்டலும் பெற்றோரின் உடனிருப்பும் குழந்தைக்கும் மாணவர்க்கும் காவலாகும். ஐந்தாவது, பிரிவு. மாணவர் பட்டம் பெற்றுச் செல்வது உறுதி. சொல்லாமற் செல்லாது, படங்காட்டி நாளெண்ணிக் குழந்தையை ஆயத்தஞ் செய்து, அடுத்து வருபவரை அறிமுகப்படுத்திய பின்னரே விடைபெறுதல் முறை.

இத்தொண்டினாற் பெற்றோர்க்குக் கிடைப்பது சிலமணி நேர ஓய்வாயினும் அதனை அற்பமென எண்ணுதல் கூடாது. இரவும் பகலும் விழித்திருக்கும் தாயொருத்தி அமைதியாக உணவருந்தவும், மற்றைப் பிள்ளைகளோடு உரையாடவும் அவ்வோய்வு இடந்தரும். மாணவரோ, நாளை ஆசிரியராகவும் மருத்துவராகவும் நிருவாகியாகவும் அமருங்கால், தம்முன் வந்து நிற்கும் பேசாத குழந்தையை மந்தன் என்று ஒதுக்கார். அவ்வொரு மாற்றம் நிகழுமாயின், பாடசாலை வாயிலிலிருந்து திருப்பியனுப்பப்படும் பிள்ளைகளின் தொகை குறையும் என்பது திண்ணம்.