பழைய ரிவால்வர்தான் உசத்தியா?

1955இல் அமெரிக்காவின் கோல்ட் நிறுவனம் 'பைத்தான்' என்ற ரிவால்வரை 125 டாலருக்கு விற்பனைக்குக் கொண்டுவந்தது. அரை நூற்றாண்டு ஓடியபின், 2005 வாக்கில் அதன் உற்பத்தி அடியோடு நின்றது. 2020 ஜனவரியில் அதே பெயரோடும் ஏறத்தாழ அதே தோற்றத்தோடும் திரும்பி வந்தது. இம்முறை விலை 1,499 டாலர். விலைவாசி உயர்வைச் சேர்த்துப் பார்த்தால் 1955இன் 125 டாலர் 2020இல் சுமார் 1,200 டாலருக்குச் சமம். ஆகவே புதிய பைத்தானை மலிவுச் சரக்கு என்று தள்ள முடியாது. ஆனாலும் நல்ல நிலையில் உள்ள பழைய பைத்தானுக்குப் புதியதைவிடக் கூடுதல் விலை கொடுக்க ஆட்கள் காத்திருக்கிறார்கள். காரணம் கேட்டால், அந்தக் காலத்து இரும்பே வேறு, வேலைப்பாடே வேறு என்பார்கள். தையல் எந்திரம் முதல் மின்விசிறி வரை எல்லாவற்றைப் பற்றியும் நாம் கேட்கும் பேச்சுதான் இது. அதைச் சோதித்துப் பார்க்க ரிவால்வர் மிகவும் வசதியான பொருள். அடிப்படை அமைப்பு நூறாண்டுக்கு மேலாக மாறவில்லை. ஒரே பெயர் கொண்ட மாடல் இரண்டு காலங்களிலும் தயாராகியிருக்கிறது. இரண்டையும் பிரித்துப்போட்டு அளந்து பார்க்கலாம். அப்படிப் பார்த்தால் 'இரும்பு', 'வேலைப்பாடு' என்று ஒரே மூச்சில் சொல்லப்படும் இரண்டும் எதிரெதிர்த் திசையில் போயிருப்பது தெரியும். வேலைப்பாட்டில் பழையது உசத்தி என்பது பெரும்பாலும் உண்மை. உலோகத்திலும் வடிவமைப்பிலும் அது உண்மையே இல்லை.

முதலில் வேலைப்பாடு. டிரிகரை இழுக்கும்போது ரிவால்வருக்குள் இரண்டு காரியங்கள் நடக்கின்றன. சுத்தியல் பின்னால் போய் விழுகிறது. அதற்குள் ஆறு அறைகள் கொண்ட சிலிண்டர் ஆறில் ஒரு பங்கு சுழன்று, அடுத்த தோட்டாவைக் குழலுக்கு நேராகக் கொண்டுவந்து நிறுத்துகிறது. சுழற்றுவது விரல் போன்ற ஒரு சிறு எஃகுத் துண்டு. சிலிண்டரின் பின்புறப் பற்களை அது மேலே தள்ளுகிறது. அறையும் குழலும் அளவுக்கு மேல் விலகினால் ஈயக்குண்டின் விளிம்பு சீவப்பட்டுச் சிதறும். பழைய பைத்தானில் இந்த விரல், சுத்தியல் விழும் நொடியிலும் சிலிண்டரை விடாமல் அழுத்திப் பிடித்திருக்கும். அந்தத் தருணத்தில் சிலிண்டரை ஆட்டிப் பார்த்தால் அசைவே இருக்காது. பைத்தானின் துல்லியத்துக்கு ரசிகர்கள் முதலில் சொல்லும் காரணம் இதுதான். இந்தப் பொருத்தம் எந்திரத்தில் வந்ததல்ல. பாகங்களை வேண்டிய அளவைவிடச் சற்றுப் பெரிதாகவே கடைந்து வைப்பார்கள். அனுபவமுள்ள ஃபிட்டர் ஒருவர் ஒவ்வொரு ரிவால்வரிலும் அவற்றை மாட்டி, கழற்றி, அரமும் சாணைக்கல்லும் போட்டு, மறுபடி மாட்டி, அந்தக் குறிப்பிட்ட ரிவால்வருக்குப் பொருந்தும் வரை தேய்ப்பார். ஒன்றின் பாகம் இன்னொன்றுக்கு அப்படியே பொருந்தாது.

ஆனால் இந்தப் பொருத்தத்துக்கு ஒரு விலை உண்டு. விடாமல் அழுத்துகிற பாகம் விடாமல் தேயும். அதிகம் சுடப்பட்ட பழைய பைத்தான்களில் விரலின் முனை தேய்ந்து, சிலிண்டர் உரிய இடம்வரை சுழலாமல் நிற்பது பெயர்பெற்ற கோளாறு. அப்போது மறுபடி ஒரு ஃபிட்டர் வேண்டும். அந்தத் தலைமுறை ஃபிட்டர்கள் அருகிவிட்டார்கள். எந்த அம்சம் புகழப்படுகிறதோ அதுவே பழுதுக்கும் வேர். இன்னொன்று: பழையதில் 'வி' வடிவப் பட்டை வில் ஒன்று டிரிகர், சுத்தியல் இரண்டையும் இயக்கியது. அதனால் இழுப்பின் கடைசிக் கட்டத்தில் பளு திடீரென்று ஏறும். புதிய பைத்தானில் வில்லின் வடிவத்தையும் உள் அமைப்பையும் மாற்றியிருக்கிறார்கள்; இழுப்பு ஆரம்பம் முதல் முடிவு வரை ஒரே சீராக இருக்கிறது. பாகங்களின் எண்ணிக்கையில் 14 குறைந்திருக்கிறது. கணினி இயக்கும் சிஎன்சி எந்திரம் ஒரே அளவில் கடைந்து தருவதால் கை அரத்துக்கு வேலை மிகக் குறைவு. அந்தக் காலத்தில் கையால் தேய்த்துப் பொருத்தியதை ஒரு கலையாக மட்டுமே பார்ப்பது முழு உண்மையாகாது. எந்திரங்களால் எட்ட முடியாத துல்லியத்தை மனிதக் கை ஈடுகட்டியது என்பதே சரி.

இனி உலோகம். 'அந்தக் காலத்து இரும்பு' என்ற நம்பிக்கை இங்கேதான் உடைகிறது. 1873இல் வந்த கோல்டின் புகழ்பெற்ற 'சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி' ரிவால்வரின் தொடக்ககாலச் சட்டங்கள், அதாவது குழலையும் சிலிண்டரையும் தாங்கும் உடற்பகுதிகள், இன்றைய பொருளில் எஃகே அல்ல, இரும்பு. புகையற்ற வெடிமருந்து பரவியபின்கூட, 1900 வரை அதைத் தாங்கும் என்று நிறுவனம் உத்தரவாதம் தரவில்லை. கோல்டின் போட்டி நிறுவனமான ஸ்மித் அண்ட் வெஸன் தன் சிலிண்டர்களை முறையாக வெப்பப் பதப்படுத்தத் தொடங்கியது 1920ஐ ஒட்டித்தான். அதற்கு முந்தைய ரிவால்வர்களில் இன்றைய தோட்டாவைப் போடாமலிருப்பதே புத்திசாலித்தனம். சக்திவாய்ந்த தோட்டா வெடிக்கும்போது சிலிண்டர் சுவர் தாங்க வேண்டிய அழுத்தம், நாம் மூச்சுவிடும் காற்றின் அழுத்தத்தைப்போல் இரண்டாயிரம் மடங்கைத் தாண்டும். ஒவ்வொரு உருக்கிலும் கலவை அளவு எப்படி இருந்தது, எந்த வெப்பத்தில் எவ்வளவு நேரம் இருந்தது என்பதை உலைக்காரரின் கண்ணை நம்பிக் கணித்த காலத்துக்கும், உணர்கருவிகள் அளந்து பதிவுசெய்யும் காலத்துக்கும் இடையிலான தூரம் இங்கேதான் தெரியும். புதிய பைத்தான் துருப்பிடிக்காத எஃகில், அதாவது நம் எவர்சில்வர் பாத்திரத்தின் உறவுக்கார உலோகத்தில் வந்தது. சிலிண்டருக்கு மேலே ஓடும் சட்டப் பட்டையில் உலோகத்தைக் கூட்டி, அந்த இடத்தின் வலிமையை 30 சதவீதம் உயர்த்தியிருப்பதாகக் கோல்ட் சொல்கிறது.

வடிவமைப்பில் இதைவிடக் கறாரான சான்று ஸ்மித் அண்ட் வெஸனின் 'மாடல் 19'. இதுவும் 1955இல் வந்தது. போலீஸ்காரர் நாள் முழுக்க இடுப்பில் சுமக்கத்தக்க எடையில், சக்திவாய்ந்த .357 மேக்னம் தோட்டா போடத்தக்க ரிவால்வர். இன்றும் பலர் அழகில் முதலிடம் தரும் மாடல். ஆனால் அந்த அளவு சட்டத்துக்குள் அதை அடக்க, குழலின் பின்முனையில், சிலிண்டரை எதிர்கொள்ளும் இடத்தில், அடிப்பக்கம் ஒரு சிறு தட்டையான வெட்டு போட வேண்டியிருந்தது. வட்டமான சுவர் அந்த ஓரிடத்தில் மட்டும் மெலிந்தது. எடை குறைந்த, வேகமான குண்டு கொண்ட மேக்னம் தோட்டாக்களைத் தொடர்ந்து சுட்டபோது சரியாக அந்த மெலிந்த இடத்தில் விரிசல் விழுந்தது. தீர்வாக 1980களின் தொடக்கத்தில் சட்டத்தையே சற்றுப் பெரிதாக்கி 586, 686 என்ற மாடல்கள் வந்தன. அவற்றிலும் ஒரு குறை இருந்ததால் 1987இல் நிறுவனம் திரும்பப் பெற்றுச் சரிசெய்து தந்தது. சரிசெய்ததற்கு அடையாளமாக 'எம்' என்ற எழுத்தைப் பொறித்தது. பல ஆண்டு இடைவெளிக்குப் பின் மாடல் 19 மீண்டும் வந்தபோது குழலின் அமைப்பே மாறியிருந்தது. அந்தத் தட்டை வெட்டும் போய்விட்டது. பழைய மாடலின் அழகை மெச்சுபவர்கள் இந்த வெட்டைப் பற்றிப் பேசுவது அபூர்வம்.

பழமை விரும்பிகளின் பலமான ஆட்சேபம் ஒன்று உண்டு. அந்தக் காலத்தில் சுத்தியலும் டிரிகரும் சம்மட்டியில் அடித்து உருவாக்கிய எஃகு. இன்று அவை பொடியை அச்சில் ஊற்றிச் செய்த பொம்மைகள் என்பார்கள். உண்மையில் நடப்பது இதுதான்: மாவு போன்ற நுண்ணிய உலோகப் பொடியை மெழுகும் பிளாஸ்டிக்கும் கலந்த பசையோடு சேர்த்து, பிளாஸ்டிக் வாளி வார்ப்பதுபோல அச்சுக்குள் அழுத்தத்தில் செலுத்துகிறார்கள். பிறகு பசையை நீக்கிவிட்டு, உருகுநிலைக்குச் சற்றுக் கீழான வெப்பத்தில் உலையில் வைக்கிறார்கள். பொடித் துகள்கள் ஒன்றோடொன்று இணைந்து, பாகம் நீள அகலத்தில் 15 முதல் 20 சதவீதம் வரை சுருங்கிக் கெட்டிப்படுகிறது. கிடைப்பது ஏறத்தாழ முழு அடர்த்தியுள்ள எஃகு. பல் சீரமைப்புக்கு ஒட்டும் உலோகத் துண்டுகளும் கைப்பேசிக்குள் இருக்கும் நுண் பாகங்களும் இப்படித்தான் தயாராகின்றன. ஸ்மித் அண்ட் வெஸன் 1990களில் இந்த முறைக்கு மாறியது. அச்சிலிருந்து தள்ளும் ஊசி பதித்த சிறு வட்டத் தடங்கள் பாகத்தின் பக்கவாட்டில் தெரியும். பார்க்க அழகில்லை என்பதை ஒப்புக்கொள்ளலாம். உலையில் தவறு நேர்ந்தால் உள்ளே நுண்துளைகள் தங்கி, பாகம் உடையவும் கூடும். ஆனால் அடித்து உருவாக்கும் எஃகிலும் உள்விரிசல் உண்டு. செய்முறை சரியாக நடந்ததா என்று கேட்பதுதான் முறை. செய்முறையின் பெயரை வைத்தே தீர்ப்பு எழுத முடியாது. ரூகர் நிறுவனம் 1963இலேயே சட்டங்களை வார்ப்பதற்கென்று தனி ஆலை தொடங்கியது. வார்ப்பு என்றதும் அன்றும் முகம் சுளித்தார்கள். இன்று முரட்டுத் தோட்டாக்களைத் தாங்கும் ரிவால்வர் எது என்று கேட்டால் அதே ஆட்கள் முதலில் சொல்லும் பெயர்களில் ரூகரும் ஒன்று.

பழையதை இழுத்தால் வெண்ணெய்போல் வழுக்குகிறதே, அது பொய்யா? பொய்யில்லை. கையால் மெருகேற்றிய பரப்புகள், அதன்மேல் பல்லாயிரம் இழுப்புகளின் இயல்பான தேய்மானம் இரண்டும் சேர்ந்த பலன் அது. பெட்டியிலிருந்து இன்று எடுத்த ரிவால்வரை, ஐம்பது ஆண்டு பழகிய ரிவால்வரோடு ஒப்பிடுவது நியாயமான போட்டி அல்ல. அதோடு, இன்று சந்தையில் காணும் பழையவை தப்பிப் பிழைத்தவை. கோளாறானவை எப்போதோ பழைய இரும்பாகிவிட்டன. மிக நன்றாக இருப்பவற்றில் பல, அலமாரியை விட்டு அதிகம் வெளியே வராதவை. எஞ்சியவற்றை வைத்து அந்தக் கால உற்பத்தி முழுவதையும் மதிப்பிடக் கூடாது.

புதியவற்றின் பக்கம் குறையே இல்லை என்று வாதாடுவதும் நேர்மையாகாது. 2020இல் வெளிவந்த முதல் தொகுதி பைத்தான்களில் சிலவற்றில் சிலிண்டர் சரியாகச் சுழலவில்லை. கோல்ட் திருத்தம் செய்ய வேண்டியிருந்தது. ஃபிட்டர் இருந்த இடத்தில் கடைசியாக ஒரு மனிதக் கண் இருந்தது. அவரை நீக்கிய ஆலைகள் அந்தக் கண்ணுக்கு மாற்றை முழுமையாக வைக்கவில்லை. விளைவாக, சோதனை செய்யும் வேலை சில சமயம் காசு கொடுத்தவர் தலையில் விழுகிறது. ஸ்மித் அண்ட் வெஸன் 2001 வாக்கில் சட்டத்தின் பக்கவாட்டில் சாவித்துளையோடு சேர்த்த உட்பூட்டும் வாடிக்கையாளர் கேட்டு வந்ததல்ல. 2000இல் அமெரிக்காவின் கிளின்டன் அரசோடு துப்பாக்கிப் பாதுகாப்பு பற்றிச் செய்துகொண்ட ஒப்பந்தமும் அதைத் தொடர்ந்த வாடிக்கையாளர் புறக்கணிப்பும் நிறுவன விற்பனையும் சூழ்ந்த காலத்தின் பிள்ளை அது. அண்மையில் வந்த சில மாடல்களில் நிறுவனமே அதைக் கைவிட்டிருக்கிறது. மேற்பூச்சு விஷயத்தில் வாதமே வேண்டாம். பழைய பைத்தானின் 'ராயல் புளூ' நீலம், படிப்படியாக நுண்மை கூடும் சக்கரங்களில் மணிக்கணக்கில் மெருகேற்றிய பின் வந்தது. அதில் முகம் பார்க்கலாம். திறமையான உழைப்பு மலிவாகக் கிடைத்த பொருளாதாரத்தின் விளைபொருள் அது. இன்று அதே உழைப்பைப் போட்டால் விலை எங்கே போய் நிற்கும் என்று சொல்லத் தேவையில்லை.

இந்தியாவிலும் இதே நகர்வைக் காணலாம். கான்பூரில் பல ஆண்டுகள் தயாரான .32 ரிவால்வர், பிரிட்டனின் வெப்ளி ரிவால்வரைப் பின்பற்றி நடுவில் மடிந்து திறப்பது. வேகமாகத் தோட்டா மாற்றலாம். ஆனால் கீலும் கொக்கியும் தாங்கும் அளவுக்கு மேல் சக்தியைக் கூட்ட முடியாது. 2023இல் அதே ஊரிலிருந்து வந்த 'பிரபல்', சிலிண்டர் பக்கவாட்டில் வெளியே சாயும் அமைப்புக்கு மாறிவிட்டது. அமெரிக்கர்கள் 1890களிலேயே செய்த மாற்றம் இது. தாமதம்தான், ஆனாலும் சரியான திசை.

இவை எல்லாவற்றையும்விடக் கனமான சான்று பாதுகாப்பில் இருக்கிறது. 1873 கோல்டில் ஆறு அறை இருந்தும், விஷயம் தெரிந்தவர்கள் ஐந்தில்தான் தோட்டா போட்டார்கள். சுத்தியலின் கூர்முனை தோட்டாவின் மேலேயே உட்கார்ந்திருக்கும். கீழே விழுந்து சுத்தியல் தட்டுப்பட்டால் வெடித்துவிடும். 1944 இறுதியில், ஸ்மித் அண்ட் வெஸனின் போர்க்கால 'விக்டரி' ரிவால்வர் ஒன்று அமெரிக்கக் கடற்படைக் கப்பலின் எஃகுத் தளத்தில் விழுந்து வெடித்ததில் ஒரு மாலுமி இறந்தார். அதில் சுத்தியலை மறிக்கும் தடுப்பு ஒன்று இருக்கத்தான் செய்தது. கெட்டியாகிப்போன மசகில் சிக்கி அது வேலை செய்யவில்லை. வில்லின் தயவை எதிர்பாராமல், டிரிகரின் அசைவோடு நேரடியாகப் பிணைந்து நகரும் தடுப்பை அதன் பிறகே நிறுவனம் சேர்த்தது. டிரிகரை இழுக்கும்போது மட்டும் இடையில் வந்து சுத்தியலின் அடியைத் தோட்டாவுக்குக் கடத்தும் எஃகுப் பட்டை ஒன்றை வைக்கும் யோசனையை ஐவர் ஜான்சன் என்ற மலிவு விலைத் தயாரிப்பாளர் 1890களிலேயே விற்றுக்கொண்டிருந்தார். பேர்பெற்ற நிறுவனங்கள் பல பத்தாண்டுகள் அதைக் கண்டுகொள்ளவில்லை. ரூகர் தன் 'பிளாக்ஹாக்' வகையில் அதைச் சேர்த்தது 1973இல். அதற்கு முன் விற்ற பழைய மாடல்களுக்கும் அந்தப் பட்டையைப் பொருத்திக் கொடுக்கிறது, கட்டணம் வாங்குவதில்லை. ஆனால் பழைய உறுப்புகள் மாறினால் சந்தை மதிப்பு குறையும் என்று சேகரிப்பாளர்கள் பலர் அனுப்புவதில்லை. மாற்றப்படாத அந்த ரிவால்வர்களில் இன்றைக்கும் ஐந்து தோட்டாதான் போட வேண்டும்.